ஆன்டிவைரஸ் தவறாக அழித்த விண்டோஸ் கோப்புகளை மீட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினிப் பழுதுக்கு உதவி கேட்டு வருபவர்களிடமிருந்து நான் மீண்டும் மீண்டும் கேட்ட ஐயங்களை, பெரும்பாலும் அவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். விண்டோஸ் 10, 11 ஆகிய இரண்டையும் மனத்தில் வைத்தே விடைகளை எழுதியுள்ளேன். கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். கையில் இப்போதே பிரச்சினையை வைத்திருப்பவர்கள் 3, 4, 5 ஆகிய கேள்விகளை முதலில் படித்துவிடுங்கள்.

1. விண்டோஸின் சொந்தக் கோப்பையே வைரஸ் என்று ஆன்டிவைரஸ் சொல்லுமா? நம்பவே முடியவில்லை.

சொல்லும், பலமுறை சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே பிடிபட்ட வைரஸ்களிலிருந்து எடுத்த அடையாளங்களையும், சந்தேகத்துக்குரிய நடத்தைகளின் பட்டியலையும் வைத்துக்கொண்டு, எதிர்ப்படும் ஒவ்வொரு கோப்பையும் அவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே ஆன்டிவைரஸின் வேலை. அந்தப் பட்டியல் அடிக்கடி புதுப்பிக்கப்படுகிறது. புதிதாகச் சேர்ந்த ஓர் அடையாளம் சற்றே தளர்வாக எழுதப்பட்டிருந்தால், அது வைரஸோடு சேர்த்து நல்ல கோப்பையும் பிடித்துவிடும்.

2007 மே மாதத்தில் சிமான்டெக் நிறுவனத்தின் புதுப்பிப்பு ஒன்று, சீன மொழி விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டு டிஎல்எல் கோப்புகளை, அதாவது பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் துணைக் கோப்புகளை, தீய நிரல் என்று எண்ணி நீக்கியது. 2008 நவம்பரில் ஏவிஜி, எக்ஸ்பியின் யூசர்32 டிஎல்எல் கோப்பைப் பிடித்தது. அது இல்லாமல் விண்டோஸ் எழவே எழாது. 2010 ஏப்ரல் 21 அன்று வெளியான மெக்காஃபியின் 5958 என்ற புதுப்பிப்பு, எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3 கணினிகளில், விண்டோஸின் பின்னணிச் சேவைகளை ஓட்டும் எஸ்விசிஹோஸ்ட் கோப்பைப் பிடித்தது. கணினிகள் ஓயாமல் தாமாகவே அணைந்து எழுந்தன, நெட்வொர்க் தொடர்பையும் இழந்தன. 2017 ஏப்ரலில் வெப்ரூட்டுக்கும் இதே போன்ற தவறு நேர்ந்தது. ஆகவே, "நான் எதையோ தவறாகத் தொட்டுவிட்டேன்" என்று உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம்.

2. இது தவறான எச்சரிக்கையா, உண்மையான வைரஸா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய சோதனை இதுதான், ஏனென்றால் உண்மையான வைரஸைத் திருப்பி எடுத்து உட்கார வைத்துவிடக் கூடாது. முதலில் எச்சரிக்கையில் உள்ள முழு முகவரியைப் பாருங்கள். எஸ்விசிஹோஸ்ட், விண்டோஸின் முக்கியக் கோப்புகள் இருக்கும் சிஸ்டம்32 ஃபோல்டரில் இருந்தால் அது அதன் வீடு. அதே பெயர் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலோ டெம்ப் ஃபோல்டரிலோ இருந்தால் அது வேடம். எழுத்துகளையும் ஒவ்வொன்றாகப் படியுங்கள். இரண்டு எழுத்துகளை இடம் மாற்றி வைத்து ஏமாற்றும் போலிகள் உண்டு. பல மாதங்களாக அசையாமல் இருந்த கோப்பு, ஆன்டிவைரஸ் புதுப்பிக்கப்பட்ட சில நிமிடங்களில் திடீரெனப் பிடிபட்டிருந்தால், அதே நேரத்தில் வேறு கணினிகளிலும் அதே பெயர் பிடிபட்டிருந்தால், தவறான எச்சரிக்கை என்பதற்கான வாய்ப்பு மிக அதிகம். பிடிபட்டதன் பெயரில் 'ஜென்', 'ஹியூர்' போன்ற பொதுச் சொற்கள் இருப்பதும் ஒரு குறிப்பு. அது ஊகத்தின் பேரில் பிடித்தது என்று பொருள்.

அதே விண்டோஸ் பதிப்புள்ள வேறொரு கணினியில் அந்தக் கோப்பு இருந்தால், அதை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பல ஆன்டிவைரஸ்களின் தீர்ப்பை ஒரே நேரத்தில் பார்க்கலாம். வைரஸைத் தேடும் ஒரே எஞ்சினைப் பல நிறுவனங்கள் வாங்கிப் பயன்படுத்துவதால், மூன்று பெயர்கள் சிவப்பாகத் தெரிந்தாலும் அவை உண்மையில் ஒரே வாக்காக இருக்கலாம். இன்னொன்று: பிராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் கையொப்பப் பக்கம் இல்லை என்பதற்காக ஒரு கோப்பைப் போலி என்று முடிவு கட்டாதீர்கள். விண்டோஸ் கோப்புகள் பலவற்றின் கையொப்பம் கோப்புக்குள் இருக்காது. கேட்டலாக் என்ற தனிக் கோப்பில் இருக்கும்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். சாலிட்டி, விருட் போன்ற வைரஸ்கள் நல்ல நிரல் கோப்புகளுக்குள் புகுந்து ஒட்டிக்கொள்பவை. ஒரே நேரத்தில் விண்டோஸ் கோப்புகளும், நீங்கள் நிறுவிய சாதாரண நிரல்களும் நூற்றுக்கணக்கில் பிடிபட்டால், தவறான எச்சரிக்கை என்று அவசரப்பட்டு நம்பிவிடாதீர்கள்.

3. ஆன்டிவைரஸ் "சுத்தம் செய்துவிட்டேன், ரீஸ்டார்ட் செய்" என்கிறது. செய்யலாமா?

செய்யாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரியை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ், தனக்கு வேண்டிய கோப்புகளில் பெரும்பாலானவற்றை ஏற்கெனவே நினைவகத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. அதனால்தான் கோப்பு பறிபோன பிறகும் திரை வழக்கம்போல் தெரிகிறது. அணைத்து எழுப்பும்போதுதான் அந்தக் கோப்பைத் தேடும், கிடைக்காமல் நின்றுவிடும். 2015 மார்ச்சில் பாண்டா ஆன்டிவைரஸில் இத்தகைய தவறு நேர்ந்தபோது, அந்த நிறுவனமே தன் பயனர்களிடம் கணினியை ரீஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது.

மடிக்கணினியாக இருந்தால் சார்ஜரைச் செருகிவிடுங்கள். திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்து, முக்கியமான ஆவணங்களைப் பென் டிரைவில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தெந்தக் கோப்புகள் பிடிபட்டன என்று ஆன்டிவைரஸ் காட்டும் பட்டியலைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். கணினி திறக்காமல் போனால் அந்தப் படம்தான் உங்களுக்கு வழிகாட்டி.

4. "குவாரன்டைன்" என்று காட்டுகிறதே, கோப்பு போய்விட்டதா இருக்கிறதா?

இருக்கிறது. குவாரன்டைன் என்பது சிறைக்கூடம். கோப்பை அதன் இடத்திலிருந்து எடுத்து, இயங்க முடியாதபடி உள்ளடக்கத்தை உருமாற்றி, எங்கிருந்து எடுத்தது என்ற குறிப்போடு பூட்டி வைக்கிறார்கள். ஆன்டிவைரஸின் வரலாற்றுப் பக்கத்தில் அந்தக் கோப்பைத் தேர்ந்து 'ரீஸ்டோர்' கொடுத்தால் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரில் இது 'புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி' என்ற பக்கத்தில் இருக்கிறது. குவாரன்டைன் ஃபோல்டரைத் தேடித் திறந்து கோப்பைக் கையால் நகல் எடுக்க முயலாதீர்கள். உருமாற்றப்பட்ட நிலையில் அது எதற்கும் பயன்படாது. சில நாட்களுக்குப் பிறகு குவாரன்டைனைத் தானாகக் காலி செய்யும் ஆன்டிவைரஸ்களும் உண்டு என்பதால் நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.

ஒருவர் கறுப்புத் திரையைப் பார்த்துப் பதறி, இரவோடு இரவாக டிஸ்க்கை அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவிவிட்டுப் பிறகு என்னிடம் வந்தார். பிடிபட்டது ஒரே ஒரு டிஎல்எல். குவாரன்டைனில் பத்திரமாக இருந்திருக்கும். அதற்காக அவர் இழந்தது டெஸ்க்டாப்பில் இருந்த அத்தனை ஆவணங்களையும். இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியதே அந்த இரவுதான்.

5. ரீஸ்டோர் செய்தேன், ஐந்து நிமிடத்தில் மறுபடியும் பிடித்துக்கொண்டு போய்விட்டது. என்ன செய்வது?

பிழையான அடையாளப் பட்டியல் இன்னும் உங்கள் கணினியில் இருக்கிறது. அது இருக்கும்வரை நீங்கள் எடுப்பதும் அது பறிப்பதுமாகவே நடக்கும். வரிசை இதுதான்: முதலில் ஆன்டிவைரஸைப் புதுப்பியுங்கள், பிறகு ரீஸ்டோர் செய்யுங்கள். பெரிய அளவில் தவறு நேரும்போது நிறுவனங்கள் திருத்திய பட்டியலைப் பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள் வெளியிட்டுவிடுகின்றன. திருத்தம் இன்னும் வரவில்லை என்றால், அந்த ஒரு கோப்பின் முழு முகவரியை மட்டும் விலக்குப் பட்டியலில் (ஆன்டிவைரஸ் சோதிக்காமல் விடும் பட்டியல்) சேர்த்துவிட்டு ரீஸ்டோர் செய்யலாம். நிகழ்நேரப் பாதுகாப்பைச் சில நிமிடங்கள் நிறுத்துவது அதற்கும் அடுத்த வழி. நிறுத்தியிருக்கும் நேரத்தில் வேறு எதையும் திறக்கவோ இறக்கவோ வேண்டாம்.

6. நான் குவாரன்டைன் கொடுக்காமல் "டெலிட்" அழுத்திவிட்டேன். ரீசைக்கிள் பின்னிலும் இல்லை.

ஆன்டிவைரஸ் அழிப்பது ரீசைக்கிள் பின் வழியாகப் போவதில்லை. ஆனாலும் விண்டோஸ் கோப்புகளுக்கு மட்டும் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற கிடங்கு உள்ளது. சிஸ்டம்32-இல் நாம் பார்க்கும் கோப்புகளில் பெரும்பாலானவை, உண்மையில் அந்தக் கிடங்கில் இருக்கும் கோப்பின் இன்னொரு பெயர்தான். ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல்கள் போல. ஒரு வாசலை அடைத்தாலும் மறு வாசல் திறந்தே இருக்கும், உள்ளே இருக்கும் தரவும் அழியாது. அந்த மறு வாசல் வழியாகக் கோப்பைத் திரும்பக் கொண்டுவரும் கருவிதான் எஸ்எஃப்சி.

7. எஸ்எஃப்சி என்றால் என்ன? எப்படி ஓட்டுவது?

சிஸ்டம் ஃபைல் செக்கர் என்பதன் சுருக்கம். ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் தேடி, 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறந்து, எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ் என்று இடுங்கள். எஸ்எஃப்சிக்குப் பிறகு ஓர் இடைவெளி. சாய்கோட்டுக்குப் பிறகு இடைவெளி கூடாது. விழுக்காடு மெதுவாக ஏறும். நடுவில் ஒரே எண்ணில் பல நிமிடங்கள் நின்றாலும் சன்னலை மூடாதீர்கள்.

முடிவில் வரும் செய்தியைச் சரியாகப் படிப்பது முக்கியம். பழுது எதுவும் இல்லை என்றால் பிரச்சினை வேறிடத்தில் இருக்கிறது. பழுதைக் கண்டு சரிசெய்துவிட்டேன் என்றால் வேலை முடிந்தது. பழுதைக் கண்டேன், ஆனால் சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை என்றால் அடுத்த கேள்விக்குச் செல்லுங்கள். எஸ்எஃப்சி விண்டோஸின் சொந்தக் கோப்புகளை மட்டுமே அறியும்; நீங்கள் நிறுவிய நிரல்களின் கோப்பு பறிபோயிருந்தால் அந்த நிரலைத்தான் மறுபடி நிறுவ வேண்டும்.

8. எஸ்எஃப்சி "சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை" என்கிறது. கோப்பு அவ்வளவுதானா?

இல்லை. ஆன்டிவைரஸ் சிஸ்டம்32-ஐ மட்டும் தேடுவதில்லை. முழு ஸ்கேன் ஓட்டியிருந்தால் கிடங்கிலும் நுழைந்து அதே கோப்பை எடுத்திருக்கும். ஆறாம் விடையில் சொன்ன இரண்டு வாசல்களும் அடைபட்டுவிட்டன என்று பொருள். அப்போது முதலில் கிடங்கைச் சரிசெய்ய வேண்டும்; அதற்கான கருவி டிஸ்ம். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த அதே சன்னலில் டிஸ்ம் /ஆன்லைன் /கிளீனப்-இமேஜ் /ரீஸ்டோர்ஹெல்த் என்று இடுங்கள். அது குறைந்த கோப்புகளை விண்டோஸ் அப்டேட் வழியாக மைக்ரோசாஃப்ட்டிடமிருந்து கொண்டுவந்து கிடங்கில் வைக்கும். அது முடிந்த பிறகு மறுபடியும் எஸ்எஃப்சி ஓட்ட வேண்டும். டிஸ்மோடு நிறுத்திக்கொண்டு "ஒன்றும் நடக்கவில்லை" என்று வருந்துபவர்கள் பலர்.

இணைய இணைப்பு இல்லையென்றால், அதே பதிப்பு, அதே மொழி விண்டோஸின் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் வட்டு முழுவதும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) திறந்து, அதிலுள்ள இன்ஸ்டால் விம் கோப்பைச் சோர்ஸ் என்ற கூடுதல் குறிப்பால் டிஸ்முக்குக் காட்டலாம். எந்தக் கோப்பில் சிக்கல் என்று தெரிய வேண்டுமானால், விண்டோஸ் ஃபோல்டரில் லாக்ஸ், அதனுள் சிபிஎஸ் என்ற இடத்தில் உள்ள சிபிஎஸ் லாக் கோப்பை நோட்பேடில் திறந்து, எஸ்ஆர் என்ற இரண்டெழுத்து அடைப்பு இருக்கும் வரிகளை மட்டும் பாருங்கள்.

9. உங்கள் பக்கத்தைப் படிக்கும் முன்பே ரீஸ்டார்ட் செய்துவிட்டேன். இப்போது விண்டோஸ் திறக்கவே இல்லை.

விண்டோஸ் தொடங்கும்போதே இரண்டு மூன்று முறை தோல்வியுற்றால், பழுதுபார்க்கும் நீலத்திரை தானாக வரும். வராவிட்டால், வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட் தரும் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு 8 ஜிபி பென் டிரைவில் நிறுவல் வட்டைத் தயாரித்து, அதிலிருந்து தொடங்கி, 'ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்' என்பதைத் தேருங்கள். நிறுவு என்ற பொத்தானைத் தொடாதீர்கள். டிஸ்க் பிட்லாக்கரால் (விண்டோஸின் மறையாக்க வசதி) பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தவர்களுக்கு அது பெரும்பாலும் அந்தக் கணக்கின் பக்கத்தில் சேமிக்கப்பட்டிருக்கும்.

அங்கிருந்து டிரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், கமாண்ட் பிராம்ப்ட் என்று செல்லுங்கள். இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: இந்தச் சூழலில் உங்கள் சி டிரைவ் டி என்றோ இ என்றோ பெயர் மாறியிருக்கலாம். டிஐஆர் கட்டளையால் ஒவ்வொரு டிரைவாகப் பார்த்து, விண்டோஸ், யூசர்ஸ் ஆகிய இரண்டு ஃபோல்டர்களும் இருக்கும் டிரைவ் எது என்று உறுதி செய்யுங்கள். டி என்று வைத்துக்கொண்டால், எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ் /ஆஃப்பூட்டிர்=டி:\ /ஆஃப்வின்டிர்=டி:\விண்டோஸ் என்று இட வேண்டும். இந்த இரண்டு குறிப்புகளையும் விட்டுவிட்டு வெறும் ஸ்கேன்நவ் கொடுத்தால், கருவி பழுதுபார்க்கும் திரைக்காக ஓடும் தற்காலிக விண்டோஸைச் சோதிக்க முயன்று பயனற்ற செய்தியைத் தரும்.

10. சேஃப் மோட் மட்டும் திறக்கிறது. அதில் என்ன செய்யலாம்?

அது நல்ல செய்தி. இன்றியமையாத கோப்புகளோடு மட்டும் விண்டோஸ் தொடங்கும் முறைதான் சேஃப் மோட். அதில் பெரும்பாலான ஆன்டிவைரஸ்களின் காவல் முழுமையாக இயங்குவதில்லை. எனவே ஏழாம் விடையில் சொன்னபடி எஸ்எஃப்சி ஓட்டினால், மீட்ட கோப்பு உடனே பறிபோகாது. ஆனால் சாதாரண முறையில் திரும்புவதற்கு முன் ஆன்டிவைரஸைப் புதுப்பிக்கவோ நீக்கவோ மறந்துவிட்டால் ஐந்தாம் கேள்வியின் நிலைதான் மீண்டும் வரும்.

11. சிஸ்டம் ரீஸ்டோர் செய்தால் என் படங்களும் ஆவணங்களும் பழைய தேதிக்குப் போய்விடுமா?

போகாது. சிஸ்டம் ரீஸ்டோர் விண்டோஸ் கோப்புகள், ரெஜிஸ்ட்ரி (அமைப்புகளின் பதிவேடு), நிறுவிய நிரல்கள், டிரைவர்கள் ஆகியவற்றைத்தான் பழைய நிலைக்குக் கொண்டுசெல்லும். அந்தத் தேதிக்குப் பிறகு நிறுவிய நிரல்கள் நீங்கும். ஒன்பதாம் விடையில் சொன்ன நீலத்திரையிலிருந்தும் இதைச் செய்யலாம். சிக்கல் என்னவென்றால், பல கணினிகளில் இந்த வசதி அணைக்கப்பட்டே இருக்கிறது. தேவைப்படும் நாளில்தான் அது தெரியவருகிறது.

12. "இந்த டிஎல்எல் காணவில்லை" என்று வருகிறது. பெயரை இணையத்தில் தேடினால் டவுன்லோட் கிடைக்கிறதே?

தயவுசெய்து வேண்டாம். தனித்தனி டிஎல்எல்களை விநியோகிக்கும் தளங்களில் கிடைப்பது எந்தப் பதிப்பு, யார் கை பட்டது என்று உங்களால் அறிய முடியாது. இல்லாத வைரஸுக்காகக் கோப்பை இழந்தவர், அந்தக் கோப்பைத் தேடிப் போய் உண்மையான வைரஸை வீட்டுக்குக் கொண்டுவரும் நிலையை நான் பார்த்திருக்கிறேன். மைக்ரோசாஃப்ட்டின் சொந்தக் கோப்பு மைக்ரோசாஃப்ட்டின் கிடங்கிலிருந்தோ ஐஎஸ்ஓவிலிருந்தோதான் வர வேண்டும்.

13. நண்பரின் கணினியிலிருந்து அதே கோப்பை நகல் எடுத்து வைக்கலாமா?

கடைசி வழியாக வைத்துக்கொள்ளலாம், பில்டு எண் (விண்டோஸ் பதிப்பின் துல்லியமான எண்) கடைசி இலக்கம்வரை ஒத்திருந்தால். இரண்டிலும் வின்வெர் என்ற கட்டளையை ஓட்டி ஒப்பிடுங்கள். மேலும், பெயரைப் பார்த்து ஏமாறக் கூடிய இடம் ஒன்று உள்ளது: 64-பிட் விண்டோஸில் 64-பிட் கோப்புகள் சிஸ்டம்32 ஃபோல்டரில் இருக்கின்றன, 32-பிட் கோப்புகள் சிஸ்வாவ்64 ஃபோல்டரில் இருக்கின்றன. எண்ணைப் பார்த்து மாற்றி வைத்தால் கோப்பு இருந்தும் இல்லாததுபோல்தான். அந்தக் கோப்புகளின் உரிமை டிரஸ்டட்இன்ஸ்டாலர் என்ற கணக்கிடம் இருப்பதால் ஓடும் விண்டோஸில் எழுத விடாது. நீலத்திரையின் கமாண்ட் பிராம்ப்ட்டிலிருந்து நகல் எடுப்பது எளிது. வைத்த பிறகு எஸ்எஃப்சி ஒருமுறை ஓட்டிச் சரிபார்க்கவும்.

14. அழிந்த கோப்பை மீட்கும் மென்பொருள் உதவுமா?

விண்டோஸ் கோப்புகளுக்கு அது தேவையற்ற சுற்றுவழி. எஸ்எஸ்டி டிஸ்க்குகளில் அழித்த இடத்தை டிரிம் என்ற ஏற்பாடு விரைவில் துடைத்துவிடுவதால், பெரும்பாலும் மீள்வதும் இல்லை. வேறெங்கும் நகலில்லாத உங்கள் சொந்தக் கோப்பு அழிந்திருந்தால் மட்டும் அதை எண்ணிப் பாருங்கள். அப்போதும் மீட்பு மென்பொருளை அதே டிஸ்க்கில் நிறுவாதீர்கள்.

15. எதுவும் பலிக்கவில்லை. என் நிரல்களை இழக்காமல் விண்டோஸை மறுபடி நிறுவ முடியுமா?

விண்டோஸ் திறக்கிறது என்றால் முடியும். ஐஎஸ்ஓவை விண்டோஸுக்குள்ளிருந்தே திறந்து செட்டப்பை ஓட்டி, கோப்புகளையும் நிரல்களையும் வைத்துக்கொள் என்ற தேர்வைக் கொடுங்கள். விண்டோஸ் கோப்புகள் அனைத்தும் புதிதாகும், மற்றவை அப்படியே இருக்கும். பென் டிரைவிலிருந்து தொடங்கினால் இந்தத் தேர்வு கிடைக்காது. விண்டோஸ் திறக்கவில்லை என்றால் நீலத்திரையில் உள்ள 'ரீசெட் திஸ் பிசி' இருக்கிறது. அதில் 'கீப் மை ஃபைல்ஸ்' கொடுத்தால் உங்கள் ஆவணங்கள் தங்கும், நீங்கள் நிறுவிய நிரல்கள் போய்விடும். பட்டியலில் அடுத்திருக்கும் 'ரிமூவ் எவ்ரிதிங்' மீது விரல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

16. இனி தொல்லையே வேண்டாம் என்று விண்டோஸ் ஃபோல்டர் முழுவதையும் விலக்குப் பட்டியலில் போட்டுவிட்டேன். சரிதானே?

சரியில்லை, இன்றே நீக்குங்கள். வைரஸ்கள் ஒளிந்துகொள்ள முதலில் தேடுவது அந்த ஃபோல்டரைத்தான். ஐந்தாம் விடையில் சொன்ன ஒற்றைக் கோப்பு விலக்கைக்கூட, திருத்திய புதுப்பிப்பு வந்ததும் எடுத்துவிட வேண்டும்.

17. எங்கள் அலுவலகத்தில் ஒரே நேரத்தில் எல்லாக் கணினிகளும் அலறுகின்றன. ஒவ்வொன்றாகப் போய்ச் செய்ய வேண்டுமா?

முதல் வேலை, மைய நிர்வாகத் திரையில் புதுப்பிப்பு விநியோகத்தை நிறுத்துவதும், பிடிபட்டால் தானாக நீக்கு என்ற நடவடிக்கையை 'அறிவிக்க மட்டும்' என்று மாற்றுவதும்தான். இன்னும் எழுப்பாத கணினிகளை எழுப்ப வேண்டாம் என்றும், எழுந்திருப்பவற்றை அணைக்க வேண்டாம் என்றும் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். திருத்தம் வந்ததும் மையத்திலிருந்தே குவாரன்டைனை மொத்தமாகத் திருப்பும் வசதி பல ஆன்டிவைரஸ்களில் உண்டு. முன்னெச்சரிக்கையாக, புதுப்பிப்புகள் முதலில் நான்கைந்து கணினிகளுக்கும் சில மணி நேரம் கழித்து மற்றவற்றுக்கும் செல்லுமாறு அமைத்து வைத்திருந்தால், இப்படி ஒரு காலையில் நான்கைந்து கணினிகளோடு தொல்லை நின்றுவிடும்.

18. கோப்புகள் எல்லாம் இருக்கின்றன, ஆனால் ஸ்டார்ட் மெனுவில் ஷார்ட்கட்கள் மட்டும் மறைந்துவிட்டன. இதுவும் அதே பிரச்சினையா?

அதே வகைதான். 2023 ஜனவரி 13 அன்று, நிறுவனங்களுக்கான மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரின் ஒரு தடுப்பு விதி தவறாகப் பொருந்தி, ஸ்டார்ட் மெனுவிலும் டாஸ்க்பாரிலும் இருந்த ஷார்ட்கட்களை அழித்தது. நிரல்களுக்கு எந்தத் தீங்கும் நேரவில்லை. இந்நிலையில் எஸ்எஃப்சி எதையும் காணாது. நிரல் கோப்பை நேராகத் திறந்து புதிய ஷார்ட்கட் உருவாக்கலாம், அல்லது அந்த நிரலின் செட்டப்பில் உள்ள 'ரிப்பேர்' தேர்வை ஓட்டலாம்.

19. இப்படிச் செய்த ஆன்டிவைரஸை நீக்கிவிட நினைக்கிறேன்.

முடிவு உங்களுடையது, என் கருத்தில், ஒரு தவறுக்காக அவசரமாக நீக்கத் தேவையில்லை. நீக்குவதானால், கோப்புகளைத் திருப்பிய பிறகு நீக்குங்கள். ஆன்டிவைரஸ் போகும்போது அதன் குவாரன்டைனும் சேர்ந்து போய்விடும். வேறு ஆன்டிவைரஸ் இல்லாதபோது டிஃபெண்டர் பொதுவாகத் தானாகவே விழித்துக்கொள்ளும் என்றாலும், அது இயங்குகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். நீக்கினாலும் நீக்காவிட்டாலும், பிடிபட்ட கோப்பை அந்த நிறுவனத்தின் தவறான எச்சரிக்கைப் பக்கத்தில் அனுப்பி வையுங்கள். உங்களைப் போல் மாட்டிக்கொண்ட மற்றவர்களுக்குத் திருத்தம் விரைவில் கிடைக்க அது உதவும்.

20. எல்லாம் சரியானதுபோல் தெரிகிறது. நம்பி ரீஸ்டார்ட் செய்யலாமா?

மூன்றாம் விடையில் எடுத்து வைக்கச் சொன்ன படத்தைத் திறந்து, அதிலுள்ள ஒவ்வொரு கோப்பும் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்எஃப்சி பழுதில்லை என்று சொல்ல வேண்டும். ஆன்டிவைரஸின் பட்டியல் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். அதன் பிறகு சிஸ்டம்32 ஃபோல்டரை மட்டும் ஒருமுறை ஸ்கேன் செய்து, எச்சரிக்கை எதுவும் வரவில்லை என்று உறுதி செய்யுங்கள். சிஸ்டம் புரொடெக்‌ஷனை இயக்கி, புதிய ரீஸ்டோர் பாயின்ட் ஒன்றை உருவாக்குங்கள். இவை ஐந்தும் முடிந்த பிறகு ரீஸ்டார்ட் செய்யலாம்.